வெயிலில் நம் பெண்களுக்கு உள்ள பங்கு



தமிழகத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. வேலூரிலோ இராமநாதபுரத்திலோ வாழும் ஒருவரிடம், "உங்கள் உடலுக்கு வெயில் போதவில்லை" என்று மருத்துவர் கூறினால், முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். ஆயினும் இடுப்பு வலி, கால் வலி, எப்போதும் அசதி என்று மருத்துவமனைக்குச் சென்ற நம் சகோதரிகளில் எத்தனையோ பேர் 'வைட்டமின் டி குறைவு' என்னும் சோதனை முடிவோடு வீடு திரும்புகின்றனர்.

அந்தச் சோதனைத் தாள் வீட்டுக்குள் வந்ததும் இரண்டு வகையான பேச்சுகள் எழுகின்றன. "எல்லாம் இந்தக் கறுப்பு அங்கியால் வந்த வினை" என்பது ஒன்று. "பர்தாவைக் கழற்ற வைப்பதற்குச் சொல்லும் சாக்கு இது, நம் பெத்தும்மாமார்களுக்கு இல்லாத நோயா இவர்களுக்கு வந்துவிட்டது?" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையானவை என்பதே என் கருத்து. முதலாவது பேச்சு மார்க்கக் கடமையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது பேச்சு நோயையே மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே வலியைச் சுமந்துகொண்டு அடுப்படியில் நிற்பவள் அந்தப் பெண்தான்.

பெண்கள் மத்ரஸாவில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருபவள் என்ற முறையில் ஒன்றை நான் அறிவேன். முப்பது வயதைத் தாண்டாத மாணவியரும் ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்போது தரையில் கையூன்றி, முழங்காலைப் பிடித்து எழுகின்றனர். வீட்டில் கேட்டால், "வேலை செய்யாமல் உடம்பு மரத்துவிட்டது" என்கிறார்கள். அல்லது "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்கிறார்கள். இவ்வலிகளில் ஒரு பகுதி சோம்பலும் அன்று, விதியென்று விட்டுவிட வேண்டியதும் அன்று. பெயர் தெரிந்த, காரணம் தெரிந்த, பெரும்பாலும் எளிதில் தீரக்கூடிய ஒரு குறைபாடு அது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

வைட்டமின் டி உணவிலிருந்து ஓரளவே கிடைக்கிறது. அதன் பெரும்பகுதியை நம் தோலே உண்டாக்குகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகைக் கதிர்கள் தோலின்மீது படும்போது, தோலிலிருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. அதன்பின் கல்லீரல் ஒருமுறையும் சிறுநீரகம் ஒருமுறையும் அதனை மாற்றியமைத்த பிறகே உடலுக்கு அது முழுமையாகப் பயன்படுகிறது. இரத்தச் சோதனையில் அளக்கப்படுவது கல்லீரல் மாற்றியமைத்த வடிவமாகும். ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 12-க்கும் கீழே சென்றால் கடுமையான குறைவு என்றும் மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கின்றனர்.

இந்தச் சத்தின் முதன்மையான வேலை, நாம் உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து உடலுக்குள் சேர்ப்பது. வைட்டமின் டி இல்லாத உடல், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 10 முதல் 15 விழுக்காட்டையே ஏற்றுக்கொள்கிறது. போதிய அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை ஏற்கிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இதயமும் நரம்பும் தசையும் ஒழுங்காக இயங்க இயலா. ஆகவே உடல் அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. நாளடைவில் எலும்பு உறுதியிழந்து மென்மையாகிறது. பெரியவர்களுக்கு வரும் இந்நோயை ஆஸ்டியோமலேசியா என்பர். இடுப்பிலும் தொடையிலும் விலாவிலும் அழுத்தினால் வலி, மாடிப்படி ஏறத் தயக்கம், தரையிலிருந்து எழ இயலாமை, அசைந்தசைந்து நடக்கும் நடை ஆகியவை இதன் அடையாளங்கள். முதியவர்களுக்குத் தசை தளர்ந்து, தவறி விழுந்து, எலும்பு முறிவதும் உண்டு.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்?

உடல் முழுவதையும் மறைக்கும் உடை வெயிலைத் தடுக்கிறது என்பது உண்மை. அதனை மறைத்துப் பேசுவதால் மார்க்கத்திற்குப் பெருமை சேராது. ஆனால் பட்டியல் அத்துடன் முடியவில்லை.

நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கருநிறத் தோலும், வெள்ளைத் தோலைவிட நெடுநேரம் வெயிலில் இருந்தால்தான் அதே அளவு வைட்டமினை உண்டாக்கும். வயது ஏற ஏறத் தோலின் அந்த ஆற்றல் பெருமளவு குறைகிறது. உடல் பருத்தவர்களிடம் இந்த வைட்டமின் கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. சிறுநீரக நோய், கல்லீரல் நோய், உணவின் சத்தைக் குடல் ஈர்க்காத நோய்கள் உள்ளவர்களுக்கும், உடல் எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின் போன்ற மருந்துகளும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் உடலிலுள்ள வைட்டமின் டி-யைக் குறைக்கவோ அதன் பயனைத் தடுக்கவோ வல்லவை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் காலத்தின் பெரிய காரணம் கூரைக்குக் கீழே கழியும் வாழ்க்கை. திருப்பதியைச் சுற்றியுள்ள பகுதிகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வொன்றில், வயலில் உழைக்கும் கிராமத்து மக்களைவிட நகரத்து மக்களிடம் வைட்டமின் டி குறைவாக இருந்தது தெரியவந்தது. கிராமத்துப் பெண்களிலும் பலருக்குக் குறைவுதான். புர்கா அணியாத மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. வளைகுடா நாடுகளில், பாலைவன வெயிலுக்கு நடுவே, ஆண்களிடமும் இக்குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து குளிரூட்டிய வாகனத்துக்கும், அங்கிருந்து மீண்டும் அறைக்கும் செல்லும் வாழ்க்கை அங்கே வழக்கமாகிவிட்டது. நம் வீட்டு ஆண்களில் பலர் அங்கேதான் உழைக்கின்றனர். ஊரில் காலை முதல் இரவு வரை கடைக்குள் அமர்ந்திருக்கும் வியாபாரியும், ஹிஃப்ழு வகுப்பில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் உஸ்தாதும், இரவுப் பணி பார்த்துப் பகலில் உறங்கும் இளைஞரும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவர்களே.

ஆகவே, "புர்காவால் வந்தது" என்று ஒரே சொல்லில் முடிப்பவர் பட்டியலில் ஒரு வரியை மட்டும் படித்தவர். "புர்காவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை" என்பவர் அந்த ஒரு வரியை மட்டும் மறைத்துவிட்டவர்.

காஷ்மீரத்திலிருந்து ஒரு பாடம்

இது புதிய செய்தியும் அன்று. கேத்லீன் வான் என்னும் பிரிட்டிஷ் பெண் மருத்துவர் காஷ்மீரத்தில் பணியாற்றியபோது, இடுப்பெலும்பு உருக்குலைந்து பிரசவத்தில் துன்புற்ற தாய்மார்களைக் கண்டார். வெளிச்சம் படாத வீடுகளுக்குள் அடைந்து வாழ்ந்த பெண்களிடையே இந்நோய் மிகுந்திருந்தது. திறந்த வெளியில், படகுகளில் வாழ்ந்த பெண்களோ வலிய உடலோடு இயல்பாகப் பிள்ளை பெற்றனர். 1928-இல் அவர் இதனை நூலாக வெளியிட்டுப் பர்தா முறையையே குற்றம் சாட்டினார்.

அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ணால் கண்டதை மறுக்கவும் முடியாது. காஷ்மீரத்துப் படகுக் குடும்பங்களும் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களே. ஒரே கலிமாவைச் சொன்ன இரு சாரார். ஒரு சாராரின் எலும்பு உறுதியாக இருந்தது, மற்றவருடையது நொறுங்கியது. வேறுபாடு மார்க்கத்தில் இல்லை. அவர்கள் வாழ்ந்த இடத்திலும் அதற்குள் வந்த வெளிச்சத்திலும் இருந்தது.

நம் முன்னோர் இதனை உணர்ந்தே வீடு கட்டினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. பழைய வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. நெல் காய வைப்பதும், வடாம் பிழிவதும், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதும், தலைமுடி உலர்த்துவதும் அங்கேதான் நடந்தன. காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென்றே தெருக்களுக்கிடையில் முடுக்குகள் இருப்பதை அங்கே சென்றவர்கள் அறிவர். பெத்தும்மாமார்களுக்கு இந்நோய் இல்லை என்பவர்கள், பெத்தும்மாமார்களிடம் முற்றம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று நாம் முற்றத்தை மூடி அறையாக்கினோம். அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கினோம். சன்னலுக்குக் கண்ணாடியிட்டு, அதன்மேல் திரையும் இட்டோம். வைட்டமினை உண்டாக்கும் கதிர்கள் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை என்பதால், சன்னலோரம் அமர்ந்திருப்பதால் வெளிச்சம் கிடைக்குமே தவிர, இந்தச் சத்து கிடைக்காது.

மார்க்கம் எதைத் தடுத்தது?

அந்நிய ஆண்களின் பார்வையிலிருந்து உடலை மறைப்பதே கடமை. வெயிலிலிருந்து மறைக்கும்படி மார்க்கம் நமக்குச் சொல்லவில்லை. சூரத்துந் நூரின் 31-ஆம் வசனம் கணவர், தந்தை, மகன், சகோதரர் முதலியோரை விலக்காக எண்ணிக் கூறுவதை நாம் ஓதிவருகிறோம். மஹ்ரமானவர்கள் முன்பும் பெண்கள் மட்டும் இருக்கும் இடத்திலும் தலை, முகம், கைகள், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைத் திறந்திருப்பதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. ஆகவே, அந்நியர் பார்வை படாத, வானம் திறந்த ஓர் இடம் கிடைத்துவிட்டால் பர்தாவுக்கும் வெயிலுக்கும் இடையே எந்தப் பகையும் இல்லை.

அந்த இடத்தை அமைத்துத் தருவது யாருடைய பொறுப்பு? இங்கேதான் நான் சகோதரர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். மனைவிக்கு உணவும் உடையும் இருப்பிடமும் தருவது கணவர்மீது கடமை என்பதை நீங்கள் அறிவீர்கள். இருப்பிடம் என்பது நான்கு சுவரும் ஒரு பூட்டும் மட்டுந்தானா? அதற்குள் வாழும் உயிர் நலமாக இருப்பதற்கு வேண்டிய காற்றும் வெயிலும் அதில் அடங்காவா? உடலுக்கு நம்மீது உள்ள உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நினைவூட்டியதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த உரிமை பெண்ணின் உடலுக்கும் உண்டு. வெளியே போனால் மூடிக்கொள் என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று கருதும் ஆண், வீட்டுக்குள் அவளுக்கு வெயில் படும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் தமக்கு உண்டென்று உணர வேண்டும்.

செய்யக்கூடியவை

மொட்டை மாடி உள்ள வீட்டில் கைப்பிடிச் சுவரின்மேல் ஆளுயரத்துக்குத் தகரமோ மூங்கில் தட்டியோ அடைப்பது பெருஞ்செலவன்று. பக்கங்களை மட்டும் மறைத்தால் போதும். மேலே பச்சை வலை கட்டிவிட்டால் கதிர்களும் குறைந்துவிடும். அடுக்குமாடிகளில் மொட்டை மாடியின் சாவி பெரும்பாலும் காவலாளியிடம் இருக்கிறது. நாளில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு குடியிருப்போர் சங்கத்திடம் கேட்கலாம். மற்றச் சமுதாயச் சகோதரிகளும் அதனை வரவேற்பார்கள். மஹல்லா ஜமாஅத்துகள் ஷாதி மஹாலின் பின்புறத்தையோ மத்ரஸாவின் மாடியையோ இவ்வாறு திறந்துவிடலாம். பெண்கள் அரபிக் கல்லூரிகளின் நிர்வாகிகள் கால அட்டவணையில் ஒரு பாடவேளையைத் திறந்த முற்றத்துக்கு மாற்றினால், வருங்காலத் தாய்மார்கள் பலருக்கு அது நன்மை பயக்கும்.

எந்த நேரத்து வெயில் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் உள்ளது. ஃபஜ்ருக்குப் பின்வரும் இளவெயிலும் மாலை வெயிலும் உடலுக்கு இதமானவை. ஆனால் கதிரவன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர்களில் பெரும்பகுதி வானிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே உகந்தது. நிழலைக் கொண்டு தொழுகை நேரம் கணித்த சமுதாயத்துக்கு இது புரியாத கணக்கன்று. லுஹா நேரத்தின் பிற்பகுதியிலிருந்து அஸ்ருக்கு முன்பு வரை என்று தோராயமாகக் கொள்ளலாம். காலை பத்து, பதினொரு மணி அளவில், முகமும் கைகளும் கால்களும் வெயில்படும்படி இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம், வாரத்தில் சில நாள்கள் இருப்பது நம் தோல் நிறத்திற்கு ஏற்றது. தோல் எரியும் வரை நிற்கக் கூடாது. கத்திரி வெயிலில் நடுப்பகலைத் தவிர்க்க வேண்டும். லூபஸ் போன்ற நோயுள்ளவர்களும், வெயில் ஆகாத மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதனைச் செய்யலாகாது.

உணவில் மத்தி, அயிலை, சூரை போன்ற கொழுப்புள்ள மீன்களிலும், முட்டையின் மஞ்சள் கருவிலும், ஈரலிலும் வைட்டமின் டி உண்டு. செறிவூட்டப்பட்ட பாலும் சமையல் எண்ணெயும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. உறையின்மேல் கூட்டல் குறியும் 'எஃப்' எழுத்தும் சேர்ந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம். சுண்ணாம்புச் சத்தும் கூடவே தேவை என்பதால் கேழ்வரகு, எள், கீரை, தயிர், முள்ளோடு உண்ணும் சிறுமீன்கள் ஆகியவற்றைப் பெண்களின் தட்டிலும் வைக்க வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பது தாய்மையின் இலக்கணம் என்று நம் வீடுகளில் எண்ணப்படுவது, எலும்பின் கணக்கில் பெரும் இழப்பாக முடிகிறது. கருவுற்ற தாய்க்குக் குறைவிருந்தால் பிள்ளையும் குறைவோடு பிறக்கும். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. அதனால்தான் பச்சிளங்குழந்தைக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்து தருமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். "நாங்கள் எல்லாம் சொட்டு மருந்து கொடுத்தா வளர்த்தோம்" என்று மாமியார் தடுக்க வேண்டாம்.

மாத்திரையில் நிதானம்

மறுபுறம், ஒருவருக்கு எழுதித் தந்த மருந்தை வீடு முழுவதும் பங்கிட்டு உண்ணும் பழக்கமும் நம்மிடம் உள்ளது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட்டும், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 800 யூனிட்டும் போதுமென்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-இல் வரையறுத்தது. நம் மருந்துக் கடைகளில் பரவலாக விற்கப்படுவதோ 60,000 யூனிட். குறைவு உள்ளவருக்கு வாரம் ஒருமுறை எனச் சில வாரங்களுக்கு மட்டும் தரப்படும் அளவு அது. அதனை நாள்தோறும் உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடும்.

இம்மாத்திரை எல்லா நோய்க்கும் மருந்தென்று பரவும் வாட்ஸ்அப் செய்திகளையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரிடம், நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்து நடத்தப்பட்ட 'வைட்டல்' என்னும் பேராய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. பொதுவாக நலமாக இருந்தவர்களுக்கு அது புற்றுநோயையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. 2022-இல் வெளியான அதன் தொடர்ச்சியில், எலும்பு முறிவும் குறையவில்லை என்று தெரியவந்தது. குறைவு உள்ளவருக்கே இது மருந்து. அதனால் வலியோ மேற்சொன்ன காரணங்களோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் சோதனையைச் செய்துகொள்வதே முறை. அச்செலவைத் தாங்க இயலாத சகோதரிகளுக்கு மஹல்லாவின் பைத்துல்மால் உதவலாம்.

ஹலால் பற்றிய ஐயமும் நியாயமானதே. டி3 வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஐயத்திற்குரியது காப்ஸ்யூலின் ஜெலட்டின் உறைதான். அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது எப்போதும் தெரிவதில்லை. தூள் பாக்கெட்டாகவும் திரவமாகவும் அதே மருந்து கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டால் மாற்றி எழுதித் தருவார். இந்த ஐயத்தைக் காட்டி மருந்தையே விட்டுவிடுவது பேணுதல் ஆகாது.

சகோதரர்களே, இந்த வாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்குள் நின்று பாருங்கள். உங்கள் உம்மாவோ மனைவியோ மகளோ தலைத்துணியை எடுத்துவிட்டு அச்சமின்றி நிற்கக்கூடிய, வெயில் விழும் ஆறடி இடம் அங்கே இருக்கிறதா? இருந்தால் அல்ஹம்துலில்லாஹ்; அதனை அவர்களுக்கென்று ஒழித்துக் கொடுங்கள். இல்லையென்றால், அடுத்த மாதச் செலவுக் கணக்கில் ஒரு தட்டியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் வீட்டாரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.